துப்பாக்கி மாநிலம் தாண்டும்போது: அமெரிக்கச் சட்டம் எதைப் பார்க்கிறது?

அமெரிக்காவில் டெக்சர்கானா என்றொரு ஊர் இருக்கிறது. டெக்சாஸ், ஆர்கன்சா மாநிலங்களின் எல்லைக்கோடு ஊருக்கு நடுவே போகிறது. அந்தக் கோட்டை ஒட்டியே ஒரு தெரு. பெயரும் ஸ்டேட் லைன் அவென்யூதான். அங்குள்ள மத்திய அரசுக் கட்டடம், நீதிமன்றமும் தபால் நிலையமும் சேர்ந்தது, இரண்டு மாநிலத்திலும் பாதிப் பாதியாக நிற்கிறது. தெருவின் மேற்குப் பக்கத்தில் குடியிருப்பவர் தன் வேட்டைத் துப்பாக்கியைக் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்க நினைத்தால், தெருவைக் கடந்து போய்க் கையில் கொடுத்துவிட்டுப் பணம் வாங்க முடியாது. மத்திய அரசுச் சட்டப்படி அது குற்றம். ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கு வழியுண்டு. அதே மனிதர், சாலை வழியே ஏறக்குறைய 800 மைல் தள்ளி டெக்சாஸின் மறுகோடியில் இருக்கும் எல் பாசோவிலிருந்து வரும் அறிமுகமே இல்லாத ஒருவருக்கு விற்றால் இந்தத் தடை கிடையாது.

துப்பாக்கி எல்லையைத் தாண்டுகிறதா என்பதுதான் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. விற்பவர் எந்த மாநிலத்தவர், வாங்குபவர் எந்த மாநிலத்தவர் என்பதுதான் விஷயம். இருவரும் எங்கே சந்திக்கிறார்கள், யார் வண்டியில் துப்பாக்கி போகிறது, காசு கைமாறியதா இல்லையா, இதையெல்லாம் சட்டம் இரண்டாவதாகத்தான் பார்க்கிறது. ஓஹாயோவில் இருக்கும் அண்ணன் இந்தியானாவில் இருக்கும் தம்பிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாலும் இதே விதிதான். அண்ணன் தம்பிக்கென்று விலக்கு இல்லை. பரிசுக்கும் இல்லை. நல்ல எண்ணத்தோடு இருப்பவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் நோக்கம் பிடிபடும். 1927-லேயே கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்ப அமெரிக்க நாடாளுமன்றம் தடை விதித்தது. ஆனால் அந்தத் தடை அரசுத் தபாலுக்கு மட்டும். தனியார் பார்சல் நிறுவனங்கள் வழியாக அனுப்புவதை அது தொடவில்லை. ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் அந்தத் தடைகூட இல்லை. 1963-இல் லீ ஹார்வி ஆஸ்வால்ட் இரண்டு வழியையும் பயன்படுத்திக்கொண்டார். சிகாகோவில் இருந்த கிளைன்ஸ் என்ற கடைக்கு, பத்திரிகை விளம்பரத்தோடு வந்த கூப்பனை நிரப்பி, 21 டாலர் 45 சென்ட்டுக்கு மணியார்டர் வைத்து அனுப்பினார். ‘ஏ. ஹிடெல்’ என்ற பொய்ப் பெயருக்கு, டல்லாஸில் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு, இத்தாலியில் செய்த கார்கானோ ரைஃபிள் வந்து சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கடை ஒன்றிலிருந்து வரவழைத்த ரிவால்வரைத் தபாலில் அனுப்ப முடியாது என்பதால் அது தனியார் பார்சலில் வந்தது. இரண்டு கடைக்காரர்களும் வாங்கியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அடையாள அட்டை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. அந்த ரைஃபிள்தான் அதே ஆண்டு நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடியைக் கொன்றது.

கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட் அதற்கு முன்பிருந்தே தபால்வழித் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தப் போராடிக்கொண்டிருந்தார். கோல்ட், வின்செஸ்டர் போன்ற துப்பாக்கி நிறுவனங்கள் வேரூன்றிய மாநிலத்தின் பிரதிநிதி அவர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கென்னடி செத்த பிறகும் மசோதா வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று இரண்டு கொலைகள் நடந்த பிறகுதான் அசைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. நாடு முழுக்கத் துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும், வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்றெல்லாம் ஜான்சன் கேட்டார், அவை கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. மாநிலம் தாண்டிப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியும் மத்திய அரசு லைசென்ஸ் பெற்ற ஒரு டீலரின் மேசையைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடு.

சட்டம் இரண்டு பக்கமும் பூட்டு போட்டிருக்கிறது. விற்பவருக்கு ஒரு பிரிவு: தன் மாநிலத்தில் குடியிருக்காதவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்தோ, லைசென்ஸ் இல்லாத ஒருவருக்குத் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது. வாங்குபவருக்கு இன்னொரு பிரிவு: வெளிமாநிலத்தில் வாங்கிய துப்பாக்கியைத் தான் குடியிருக்கும் மாநிலத்துக்குள் கொண்டுவரக் கூடாது. “நியாயமான காரணம்” என்ற சொற்களைக் கவனியுங்கள். எதிரே இருப்பவரின் வண்டியில் வெளிமாநில நம்பர் பிளேட் தொங்கும்போது “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சொந்த மாநிலத்துக்குள் தனிநபருக்கு விற்கும்போதும் விவரம் தெரிந்தவர்கள் டிரைவிங் லைசென்ஸைக் காட்டச் சொல்வது இதனால்தான்.

சரி, சட்டப்படி எப்படி நடக்கும்? ஜார்ஜியாவில் இருக்கும் ஒருவர் தன் கைத்துப்பாக்கியை டென்னசியில் இருக்கும் ஒருவருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை வாங்குபவருடையது. தன் ஊரில் லைசென்ஸ் உள்ள ஒரு டீலரிடம் போய், “எனக்கு வெளிமாநிலத்திலிருந்து ஒரு துப்பாக்கி வருகிறது, கைமாற்றிக் கொடுப்பீர்களா?” என்று கேட்க வேண்டும். எந்த டீலருக்கும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சிலர் இன்னொரு டீலர் அனுப்பினால் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். தனிநபர் நேராக அனுப்பும் பார்சலை வாங்க மாட்டார்கள். கட்டணமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பணம் அனுப்புவதற்கு முன்னால் இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். டீலர் ஒத்துக்கொண்டால் தன் லைசென்ஸின் நகலை விற்பவருக்கு அனுப்பிவைப்பார். அந்த எண் உண்மையானதா, இன்னும் உயிரோடிருக்கிறதா என்று ஏ.டி.எஃப். எனப்படும் மத்தியத் துப்பாக்கித் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இதை விற்பவர் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். தவறான ஆளுக்குப் போன துப்பாக்கியைத் திரும்பக் கொண்டுவர எந்தப் படிவமும் உதவாது.

அப்புறம் அனுப்பும் வேலை. சட்டம் ஒரு பக்கம், பார்சல் நிறுவனங்களின் சொந்த விதி இன்னொரு பக்கம் என்று ஆவதால் குழப்பம் இங்கேதான் அதிகம். குண்டு நீக்கிய ரைஃபிளையோ ஷாட்கன்னையோ தனிநபர் ஒருவர் எந்த மாநிலத்து டீலருக்கும் அரசுத் தபாலில் அனுப்பலாம். கைத்துப்பாக்கிக்கு அந்த 1927 சட்டம் குறுக்கே நிற்கிறது. அது அரசியலமைப்புக்கு உகந்ததுதானா என்ற கேள்வி சமீபத்தில் கிளம்பியிருக்கிறது. யு.பி.எஸ்., ஃபெடெக்ஸ் இரண்டும் முன்பெல்லாம் தனிநபர்களிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தன. பிறகு தங்களோடு ஒப்பந்தம் போட்ட லைசென்ஸ்தாரர்களிடம் மட்டும் என்று இறுக்கிவிட்டன. இதன் விளைவாக, விற்பவரும் தன் ஊர் டீலர் ஒருவரிடம் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் வழியாக மறுபக்க டீலருக்கு அனுப்புவதே நடைமுறையாகிவிட்டது. இரண்டு கட்டணம் ஆகும், உண்மைதான். ஆனால் விலாசம் தவறிய பார்சல், மறுமுனையில் ஏற்றுக்கொள்ளாத டீலர் போன்ற தலைவலிகள் விற்பவரை விட்டுப் போகும். தானே அனுப்புபவர் பார்சலுக்குள் துப்பாக்கி இருப்பதை நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். பெட்டியின் வெளியே அதைக் காட்டும் அடையாளம் எதுவும் ஒட்டச் சொல்லி நிறுவனம் கேட்கக் கூடாது. வழியில் திருட்டுப் போகாமலிருக்க வைத்த ஏற்பாடு இது.

பெட்டி வந்து சேர்ந்ததும் டீலர் அதைத் தன் வரவு-செலவுப் பேரேட்டில் ஏற்றுவார்: யாரிடமிருந்து வந்தது, தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண், காலிபர், தேதி. அடுத்த வேலை நாளில் கடை மூடுவதற்குள் இந்தப் பதிவு முடிந்திருக்க வேண்டும். இதற்காகத்தான் பெட்டிக்குள் விற்பவரின் அடையாள அட்டை நகலைப் போடச் சொல்கிறார்கள். நகல் இல்லாமல் வந்த பெட்டி, விவரம் கிடைக்கும்வரை கடையின் பின்னறையில் கிடக்கும்.

வாங்குபவர் நேரில் வந்து 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். குடியிருக்கும் வீட்டு விலாசம் கேட்பார்கள். தபால் பெட்டி எண் செல்லாது. ஆஸ்வால்டை நினைத்தால் அது ஏன் என்று புரியும். அண்மையில் வீடு மாறி, டிரைவிங் லைசென்ஸில் பழைய விலாசமே இருந்தால், வாகனப் பதிவுச் சான்று போன்ற வேறொரு அரசு ஆவணம் கையில் வேண்டும். அதன் பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். துப்பாக்கியை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா? ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவரா? குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவரா? நீதிமன்றத் தடை உத்தரவு இருக்கிறதா? ராணுவத்திலிருந்து அவமதிப்போடு வெளியேற்றப்பட்டவரா? பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம்.

படிவத்தை வைத்துக்கொண்டு டீலர் எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் அமைப்பைத் தொடர்புகொள்வார். 1993-இல் வந்த பிரேடி சட்டத்தின் பேரில் 1998 நவம்பர் இறுதியில் தொடங்கிய இந்தப் பின்னணிச் சோதனை மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கிலிருந்து நடக்கிறது. சில மாநிலங்களில் மாநிலப் போலீஸே இந்த வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது, கொஞ்சம் பொறுங்கள் என்ற மூன்றில் ஒன்று. “பொறுங்கள்” என்று வந்து மூன்று வேலை நாள் கழிந்தும் முடிவு வரவில்லையென்றால், டீலர் விரும்பினால் கொடுத்துவிடலாம் என்கிறது மத்தியச் சட்டம்.

இந்த மூன்று நாள் விதியை என்னால் ஏற்க முடியவில்லை. 2015-இல் தென் கரோலினாவில் ஓர் இளைஞன் இப்படித்தான், சோதனை முடியாமலேயே துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனான். முன்பு போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டிருந்தும், அந்தக் கோப்பு எந்தப் போலீஸ் துறையிடம் இருக்கிறது என்பதில் சோதனை செய்த அதிகாரிக்குக் குழப்பம். பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிட்டது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனில் இமானுவேல் தேவாலயத்தில் பைபிள் வாசிப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். 2022-இல் வந்த சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும், தேவைப்பட்டால் பத்து வேலை நாள்வரை கெடுவை நீட்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு மூன்று நாள் அப்படியே இருக்கிறது.

சோதனையில் “கூடாது” என்று வந்தால் துப்பாக்கி டீலரிடமே நிற்கும். ஏற்கெனவே கொடுத்த பணம் என்ன ஆவது, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள் சண்டையில்தான் முடிவார்கள்.

நீளத் துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ரைஃபிள், ஷாட்கன் என்றால் வெளிமாநிலத்தவர் நேரில் வந்து விற்பவரின் ஊர் டீலரிடமே படிவம் நிரப்பி வாங்கிக்கொண்டு போகலாம், இரண்டு மாநிலச் சட்டமும் அதை அனுமதித்தால். கைத்துப்பாக்கிக்கு அந்த வழி இல்லை. வாங்குபவரின் சொந்த மாநிலத்து டீலர்தான் கைமாற்ற முடியும். இதை எதிர்த்து டெக்சாஸ் டீலர் ஒருவரும் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த தம்பதியும் வழக்குப் போட்டார்கள். 2015-இல் கீழமை நீதிமன்றம் இந்த விதி செல்லாது என்றது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. ஐம்பது மாநிலத்தின் கைத்துப்பாக்கி விதிகளையும் எல்லா டீலர்களும் கரைத்துக் குடித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தனி அட்டை வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் வாங்குவதற்கு முன்பே அனுமதிச் சீட்டு வேண்டும். கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு. டீலர்கள் புதிதாக விற்கத்தக்க கைத்துப்பாக்கிகளுக்கு ஓர் அங்கீகாரப் பட்டியல். பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்குத் தடை. அங்கே அனுப்பும் வெளிமாநில டீலர், அனுப்புவதற்கு முன்னால் மாநில அரசிடமிருந்து தனி ஒப்புதல் எண்ணும் வாங்கியிருக்க வேண்டும்.

உறவினருக்கு உதவப் போய் உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கு ஒன்று உண்டு. வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் போலீஸ்காரர் புரூஸ் அப்ராம்ஸ்கியின் மாமா பென்சில்வேனியாவில் இருந்தார். அவருக்கு ஒரு க்ளாக் 19 கைத்துப்பாக்கி வேண்டும். போலீஸ்காரர்களுக்குச் சில டீலர்கள் தரும் தள்ளுபடியில் வாங்கித் தருவதாக மருமகன் சொன்னார். மாமா 400 டாலருக்குக் காசோலை அனுப்பினார். குறிப்பு எழுதும் இடத்தில் துப்பாக்கியின் பெயரையும் எழுதியிருந்தார். 2009 நவம்பரில் அப்ராம்ஸ்கி கடைக்குப் போனார். “உண்மையில் வாங்குவது நீங்கள்தானா?” என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி வாங்கினார். அப்புறம் பென்சில்வேனியாவுக்குப் போய், முறைப்படி ஒரு டீலர் மூலமாகவே மாமாவுக்குக் கைமாற்றினார். மாமாவும் பின்னணிச் சோதனையில் தேறினார். அதாவது மாநிலம் தாண்டும் படியை அவர் சரியாகவே செய்தார். தவறு முதல் படியில்தான். பணம் மாமாவுடையது, துப்பாக்கியும் மாமாவுக்காக வாங்கியது. எனவே படிவத்தில் எழுதியது பொய். 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. இருவருமே சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர்கள்தானே என்ற வாதம் எடுபடவில்லை. நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிது: டீலர் எதிரே நிற்பவரைச் சோதிப்பதன் நோக்கமே உண்மையான வாங்குபவரைச் சோதிப்பது, அவர் பின்னால் ஒளிந்துகொண்டால் சோதனைக்கு அர்த்தமில்லை.

அவர் தன் பணத்தில் தனக்கென்று வாங்கி, பிறகு மனம் மாறி டீலர் வழியாக மாமாவுக்கு விற்றிருந்தால் குற்றம் இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கி, கைம்மாறு எதுவும் வாங்காமல் பரிசாகக் கொடுத்திருந்தாலும் இல்லை, பென்சில்வேனியா டீலர் வழியாகக் கொடுத்திருந்தால். 2022 சட்டத்துக்குப் பிறகு, துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ள ஒருவருக்காகப் பினாமியாக வாங்குவது 15 ஆண்டுவரை சிறைக்குரிய தனிக் குற்றமாகிவிட்டது.

விலக்குகள் சில உண்டு. உயில் மூலமாகவோ, உயில் இல்லாதபோது வாரிசு உரிமையாகவோ வரும் துப்பாக்கியை வெளிமாநில வாரிசு டீலர் இல்லாமலே பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அதை வைத்திருக்க அவருடைய மாநிலச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அப்பா உயிரோடிருக்கும்போதே வெளிமாநிலத்தில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தால் இந்த விலக்கு இல்லை. இரண்டும் குடும்பத்துக்குள்தான் என்று குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். வேட்டைக்கோ சுடும் போட்டிக்கோ தற்காலிகமாக இரவல் கொடுப்பதும் சரி. 1898-லோ அதற்கு முன்போ செய்த பழம்பொருள் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. மெஷின்கன், சைலன்சர் போன்றவை 1934-இன் வேறொரு சட்டத்தில் வருபவை. அந்தக் கதையே தனி.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி விற்பதும், அவர்கள் வைத்திருப்பதும் பொதுவாகத் தடை. அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இருந்தால்தான் முடியும். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஊர் மாறிப்போகும் நண்பர் “என் துப்பாக்கியை நீ வைத்துக்கொள்” என்று அன்போடு நீட்டும்போது, வாங்கும் கையின் விசா என்ன என்பது விளையாட்டான கேள்வி அல்ல, விசாவே போகலாம்.

இவ்வளவு கட்டுப்பாடும் மாநிலம் தாண்டும்போது மட்டும்தான் என்பது என்னை உறுத்துகிறது. டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் ஒரே மாநிலத்தவர் இருவருக்குள் நடக்கும் தனிப்பட்ட விற்பனைக்குச் சோதனையும் படிவமும் தேவையில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ போன்றவை அதையும் டீலர் வழியாகவே நடத்தச் சொல்கின்றன. டெக்சர்கானாவில் தெரு தாண்டும் துப்பாக்கிக்கு ஒரு சோதனை போதும் என்று மத்திய அரசால் ஏற்பாடு செய்ய முடிகிறது என்றால், 800 மைல் தள்ளிப் போகும் துப்பாக்கிக்கு ஏன் முடியாது என்பதற்கு நல்ல பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

விற்று முடித்தவர் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. ஏதாவது ஒரு குற்றத்தில் துப்பாக்கி சிக்கினால், ஏ.டி.எஃப். அதன் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரில் தொடங்கி, மொத்த வியாபாரி, முதல் டீலர், கடைசியாக முதலில் வாங்கியவர் என்று வரும். மத்திய அரசிடம் துப்பாக்கி உரிமையாளர் பட்டியல் கிடையாது. 1986-இன் சட்டம் அப்படி ஒன்றை உருவாக்கக் கூடாது என்கிறது. மூடிப்போன கடைகளின் படிவங்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் குவிகின்றன. அவற்றையும் வாங்கியவர் பெயரைப் போட்டுத் தேட முடியாது. ஆகவே பத்து வருடம் கழித்து யாராவது வந்து கதவைத் தட்டினால், அது முதலில் வாங்கியவரின் கதவாகத்தான் இருக்கும். டென்னசி டீலரின் பேரேட்டில் இரண்டாவது கைமாற்றம் பத்திரமாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பேரேடு எந்த ஊரில் எந்தக் கடையில் இருக்கிறது என்று தேடி வருபவருக்குத் தெரியாது, விற்றவர் சொன்னால்தான் தெரியும். தனிநபர் விற்பனையாளர் எந்தக் காகிதத்தையும் வைத்திருக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் டீலரின் பெயர், லைசென்ஸ் நகல், பார்சல் ரசீது, துப்பாக்கியின் வரிசை எண், அனுப்பிய தேதி இவ்வளவையும் ஓர் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.